செம்பில் அளந்த மழை

நம் அலுவலகத்தில் தேநீர் பிளாஸ்க் வைக்கும் மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. போன வருடம் சேர்ந்த ஒருவர் அதை நான் வாங்கிய விருது என்று நினைத்து, முதல் நாள் கும்பிட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாராம். கேள்விப்பட்டதும் சிரிப்பு வரவில்லை. அது விருது இல்லை, தம்பிகளே, தங்கைகளே. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே ஆகப் பெரிய பொய். கீழே கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன், பூப்போட்ட மாதிரி.

போன மாதத்தோடு என் வேலை முடிந்தது. வழியனுப்பு விழாவில் மாலையைப் போட்டு மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். எதிரே தெரிந்த முகங்களைப் பார்த்ததும் நாலு நகைச்சுவை சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டதை எழுதி வைக்கிறேன்.

காரைக்குடியில் நம் வானிலை அலுவலகம் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். கீழே பழைய சாமான் கடை, மேலே நாம். கீழே நூறு வருடத்துச் சாமானைத் துடைத்து அப்படியே பழசு என்று சொல்லி விற்கிறார்கள். நாம் நேற்றைய வானத்தைத் துடைத்து நாளைக்கு என்று கொடுக்கிறோம். நேர்மை எங்கே அதிகம் என்று கேட்காதீர்கள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசிக் காலையில் வள்ளியம்மை ஆச்சி மாடியேறி வந்தார். வெளியூர்க்காரர்கள் ஆச்சி என்றதும் பாட்டியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் அது மரியாதைச் சொல்; இவருக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. கீழச்சிவல்பட்டிக்காரர். மேற்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் குடும்பத்துக் காப்பித் தோட்டம். அண்ணன் தம்பிகள் எல்லாம் வெளிநாடு போய்விட, தோட்டத்தை இவரே நடத்தினார்.

“மழைக்காரரே, ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும் மேல எப்படி இருக்கும்? எழுதிக் குடுங்க. சும்மா ‘வாய்ப்பு உள்ளது’ன்னு எழுதுனீகன்னா அந்தத் தாள்ல வடை மடிச்சிருவேன்.”

எனக்கு அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு பெருமை உண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு அங்கே ஒரு மழைமானி வைத்ததே நான்தான். திறந்த வெளியில் வைத்தால் காட்டுமாடு முட்டிச் சாய்த்துவிடும் என்று பங்களாவின் அடுப்படிக்குப் பின்னால் வேலி போட்டு வைத்தேன். வைத்த அன்று தோட்டத்து ஆட்களைக் கூட்டி ஒரு சொற்பொழிவும் செய்தேன். “இதுக்குள்ள ஒரு தூசி விழக் கூடாது. ஒரு இலை விழக் கூடாது. பூசைப் பாத்திரம் மாதிரி சுத்தமா இருக்கணும்.” கை தட்டினார்கள். இந்தச் சொற்பொழிவை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வரும்.

தினமும் காலை எட்டரைக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை உள்ளே இருக்கும் பாட்டில் தண்ணீரை அளந்து, எனக்குப் போனில் எண்ணைச் சொல்வார். இரண்டு மில்லிமீட்டர். மூன்று. ஒன்றரை. சுற்றியிருக்கும் மலைகளில் எல்லாம் வெளுத்து வாங்கும் நாளிலும் இங்கே மூன்றுதான். இரண்டு மழைக்காலமும் இதே கதை. வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்தேன். கிழக்கே நிற்கும் மேடு மழைக்காற்றைத் தடுத்துவிடுகிறது, பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடக்கிறது. படம் வரைந்தேன், அம்புக்குறி போட்டேன், அம்புக்குறிக்கு வண்ணமும் அடித்தேன்.

என்னை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்த அதிகாரியிடம் காட்டினேன். பெயர் சொன்னால் இப்போதும் திட்டுவார், வேண்டாம். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்குய்யா. அதான் பயமா இருக்கு. அங்க மழை எப்படின்னு கேட்டியா?”

“தினமும் கேக்குறேன் சார்.”

“யாருகிட்ட?”

“மழைமானிகிட்ட சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே ஆச்சிக்கு வாய்ப்பு கீய்ப்பு எதுவும் இல்லாமல் எழுதினேன். ‘ஐப்பசி பிற்பகுதி, கார்த்திகை: பள்ளத்தாக்கில் பெரும்பாலும் வறண்ட வானிலை. லேசான சாரல் மட்டும்.’ ஆச்சி படித்துவிட்டு, “இன்னொரு வரி சேத்துக் குடுங்க. ஓடையோரத்துல ஆளுக தங்குறதுக்கு வரிசையா ஆறு லைன் வீடு இருக்கு. மழைக்காலத்துல பூட்டியே வப்போம். இந்த வருசம் மேல இருக்கிற கொட்டகையக் காப்பிப் பழத்துக்கு விட்டுட்டு, பறிக்க வர்ற ஆளுகளக் கீழ தங்கவச்சா தோது. தங்கலாமா?” என்றார்.

எங்கே யார் தங்குவது என்பது வானிலைக்காரன் வேலை இல்லை. சரிவைப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் உண்டு. ஆனால் ஒரு பெரிய மனுசி நம்மை நம்பிக் கேட்கும்போது நெஞ்சு அரை அங்குலம் உயர்கிறது பாருங்கள், அந்த அரை அங்குலம்தான் ஆபத்து. ‘கீழ் லைன் வீடுகளைப் பயன்படுத்தலாம்’ என்று எழுதி, அதற்கும் கீழே கையெழுத்தைப் போட்டேன்.

கார்த்திகை பிறந்து சில நாளில், பறிப்பு தொடங்குவதைப் பார்க்க ஆச்சி தன் காரிலேயே என்னையும் மேலே அழைத்துப் போனார். சாயங்காலம் சேர்ந்தோம். பறிக்கும் ஆட்கள் அதற்கு முந்தின வாரமே வந்து கீழ் லைனில் குடியேறியிருந்தார்கள். குழந்தை குட்டிகளோடு முப்பத்தெட்டு பேர். எல்லோரும் ஆச்சி ஊரைச் சுற்றியிருக்கும் வானம் பார்த்த பூமிக்காரர்கள். மலை என்றால் பழனிக்கு நடந்து போகும்போது தூரத்தில் பார்ப்பது. ஆச்சி அப்படி, நான் அப்படி, கணக்கப்பிள்ளையும் அப்படி. சரிவு எப்போது கோபப்படும் என்று தெரிந்த ஒரு ஆள் அந்தத் தோட்டத்தில் இல்லை.

பயண அலுப்பில் அன்று ராத்திரி எதுவும் காதில் விழாமல் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு காப்பி வந்தது. அப்படி ஒரு காப்பி நான் குடித்ததில்லை. கொண்டுவந்தவர் சமையல்காரர் கருப்பையா அண்ணன். நாட்டரசன்கோட்டைக்காரர். மழைமானி வைத்த அதே மாதம் வேலைக்கு வந்தவர்.

“அண்ணே, என்னண்ணே இது? காப்பியா, அமிர்தமா?”

“தூள்ல ஒண்ணும் இல்ல சார். தண்ணி. மழத்தண்ணி.”

“மழத்தண்ணியா?”

“ஆமா சார். எங்க ஊருப் பெரிய வீடுகள்ல பாத்திருப்பீகள்ல, முத்தத்துல ஓட்டுத்தண்ணி விழுற எடத்துல அண்டாவ வச்சுப் புடிப்பாக. அதுல பருப்பு போட்டா பஞ்சா வேகும். இங்க அண்டா வைக்க எடமில்ல. கொரங்கு வேற கைய விடுது. ஆனா ஆண்டவன் புண்ணியத்துல பின்னாடி நீங்களே ஒரு ஏனம் வச்சுக் குடுத்துட்டுப் போனீகளா... தூசி கூட விழக் கூடாதுன்னீக. நானும் விழ விடல. அம்புட்டுச் சுத்தம்.”

டபரா என் கையில் இருந்தது. என்னுடைய இரண்டு வருட ஆராய்ச்சி அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

“எப்பண்ணே எடுப்பீக?” என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

“வெடியக்காலம் அஞ்சரைக்கு. கணக்கப்பிள்ள எட்டரைக்கு வந்து அளந்துட்டு மண்ணுல ஊத்துறாக சார். மழத்தண்ணிய மண்ணுல ஊத்துவாகளா யாரும்? நம்ம ஊர்ல ஊத்துனா அடிப்பாக. அதான் முன்னாடியே எடுத்துருவேன். முழுசா எடுக்க மாட்டேன் சார். அவருக்குன்னு அடியில கொஞ்சம் வச்சுட்டுத்தான் எடுப்பேன். வெறும் பாட்டிலப் பாத்தா அந்த மனுசன் மனசு என்னாகும்?”

இரண்டு மில்லிமீட்டர். மூன்று. ஒன்றரை. கருப்பையா அண்ணனின் இரக்கத்தைத்தான் நான் இரண்டு வருடமாகப் படம் வரைந்திருக்கிறேன். அம்புக்குறி போட்டு.

கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன். “ராத்திரியெல்லாம் இங்க மழை எப்படிங்க?”

“கொட்டுது சார். பத்து பதினஞ்சு நாளா ஓட்டுச் சத்தத்துல தூக்கமே இல்ல.”

“அதை ஏங்க எங்கிட்டச் சொல்லல?”

“அளந்தா ரெண்டுதான சார் இருந்துச்சு? மெசினு பொய் சொல்லுமா, நம்ம காதுதான் பெரிசு பண்ணுதுன்னு இருந்துட்டேன். நீங்களும் அளவு எம்புட்டுன்னு மட்டுந்தான் கேட்டீக.”

உண்மை. அந்த மனிதரிடம் இரண்டு வருடமாக நான் கேட்டது ஒரே கேள்வி. அவர் சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்டதில்லை.

பங்களாவின் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஏறினேன். செயற்கைக்கோள் படத்தில், கிழக்கே கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு ராத்திரியோடு நிலத்தில் ஏறியிருந்தது. மேகம் மேற்கே வந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் இங்கே வந்துவிடும். அதைப் பார்த்துக்கூட அவ்வளவு பயப்படவில்லை. இதுவரை பெய்தது எவ்வளவு என்று தெரியாததுதான் பயம். மண் குடித்தது எவ்வளவு? அதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

இறங்கி நேரே அடுப்படிக்குப் போனேன்.

“அண்ணே, பாட்டில்லருந்து ஊத்தி எடுக்குற செம்பு எது?”

காட்டினார். ஒரு லிட்டர் பிடிக்கும். நம் மானியின் வாய் அகலத்துக்கு ஒரு லிட்டர் என்றால் ஐம்பது மில்லிமீட்டர் மழை.

“போன ரெண்டு வாரத்துல என்னைக்கு எத்தனை செம்பு எடுத்தீக?”

“அதெப்படி சார் ஞாபகம் இருக்கும்?” அவர் முகம் சுருங்கியது.

“சரி, என்னைக்கு என்ன சமைச்சீக?”

முகம் மலர்ந்தது. “அது இருக்கும் சார்! போன செவ்வாக்கெழம காப்பிக்கு மட்டும், அரைச் செம்பு. புதன்கெழம பருப்புக் கொழம்பு, ரெண்டு செம்பு. வியாழக்கெழம ஆளுக வந்தாக, எல்லாருக்கும் சாம்பாரு, மூணு செம்பு, கொழம்பு தேவாமிர்தம். வெள்ளிக்கெழம வெரதம், பாசிப்பருப்புப் பாயாசம், ஒண்ணரை...”

அவர் குழம்பு குழம்பாகச் சொல்லச் சொல்ல, நான் காப்பித்தூள் பையின் பின்பக்கம் கூட்டினேன். பலசரக்குப் பட்டியல் கேட்டு எழுதுவதாக நினைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளை, “பெருங்காயமும் தீந்துருச்சு சார்” என்றார். என் பதிவேட்டின்படி இரண்டு வாரத்தில் பெய்தது நாற்பது மில்லிமீட்டருக்குள். சமையலின்படி ஐந்நூறுக்கு மேல்.

மறுபடி கூட்டினேன். வியாழக்கிழமை சாம்பாரை இரண்டு முறை சேர்த்துவிட்டோமோ என்ற நப்பாசை. இல்லை.

ஆச்சி சாப்பாட்டு அறையில் இட்லி முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்படி வாசலில் என் தாள் ஒட்டியிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று அவரே ஒட்டச் சொன்னது.

“ஆச்சி, கீழ் லைன்ல இருக்கிறவங்களை இப்பவே மேல ஏத்தணும்.”

“என்னத்துக்கு?”

சொன்னேன். செம்பு, பருப்பு, பாயாசம், எல்லாம். சொல்லும்போதே அது எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. ஆச்சி இட்லியைத் தள்ளி வைத்தார்.

“கொட்டகை நெறயப் பழம் கெடக்கு. ஆளுகள ஏத்துனா அம்புட்டையும் வெளிய கொட்டணும். மழ வந்தா மொத்தமும் போச்சு. வரலைன்னா ஊரே சிரிக்கும்.” எழுந்துபோய்த் தாளைக் காட்டினார். “இந்தா, ஒங்க கையெழுத்துத்தான? ‘கீழ் லைன் வீடுகளைப் பயன்படுத்தலாம்.’ நீங்க எழுதுனத நம்பவா, கருப்பையா வச்ச பாயாசத்த நம்பவா?”

“பாயாசத்தை நம்புங்க ஆச்சி. நான் எழுதினது தப்பு.”

கடைசி மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆனது. அதற்கு முன்பு தப்பு நடந்தபோதெல்லாம் காற்று திசை மாறியிருக்கிறது, தாழ்வு வலுவிழந்திருக்கிறது. நான் ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை.

“சரி, இன்னைக்கி சரிவு எறங்குமா, எறங்காதா? ஒரே சொல்லு.”

“தெரியாது ஆச்சி.”

“தெரியாதுங்கிற சொல்லுக்கு நான் ஒரு வருச வெளைச்சலக் கொட்டணுமாக்கும்?” என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். “வேற மாதிரி கேக்குறேன். இன்னைக்கி அந்தக் கீழ் லைன்ல நீங்க போயிப் படுப்பீகளா?”

“மாட்டேன்.”

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆச்சியின் முகம் வெளுத்தது. என் முகமும் வெளுத்திருக்க வேண்டும். நான் படுக்க மாட்டேன் என்ற இடத்தில் முப்பத்தெட்டு பேரை ஒரு வாரமாகப் படுக்க வைத்திருக்கிறேன், பூப்போட்ட கையெழுத்தோடு.

ஆச்சி வாசலுக்குப் போனார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, “பழத்த அள்ளி வெளிய கொட்டுங்க. ஆளுக மேல வரட்டும்” என்றார். அவ்வளவுதான்.

லைனுக்கு நானே போனேன். மேஸ்திரி வீராயி இடுப்பில் கை வைத்து மறித்தார். நாற்பது வயது இருக்கும். பறிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை.

“மழைக்காரரே, இங்க தங்கலாம்னு எழுதுனதும் நீங்க, இப்பக் கெளம்புன்னு சொல்றதும் நீங்களா? நாங்க என்ன சதுரங்கக் காயா? இப்பத்தான் அடுப்புக்கே மண்ணு பூசியிருக்கோம்.”

“தப்பா எழுதிட்டேன் தாயி.”

“பெரிய படிப்பெல்லாம் படிச்சிருக்கீகளாமே?”

“அதனாலதான் இவ்வளவு பெரிய தப்பு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது போதுமாக இருந்தது. திட்டிக்கொண்டே ஏறினார்கள். பாய், பாத்திரம், ஒரு தொட்டில் சேலை, கூடையில் மூன்று கோழி. ஒரு மணிக்குள் எல்லோரும் மேலே. வெளியே கொட்டிய பழம் செக்கச்செவேலென்று கிடந்தது. ஆச்சி அதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கருப்பையா அண்ணன் எல்லோருக்கும் சோறு போட்டார். சரிவு இறங்காவிட்டால் என் மானம் போகும், இறங்கினால் அந்த ஆறு வீடும் போகும். எது வேண்டும் என்று என் மனதை நானே கேட்டேன். மனம் சொன்ன பதிலை எழுத மாட்டேன். அதிலும் எனக்கு அதிர்ச்சிதான்.

மூன்றரை இருக்கும். வீராயி சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றார்.

“ஓடச் சத்தம் நின்னுபோச்சே.”

மழை ஓட்டில் இடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த ஓடை இப்போது இல்லை. பெய்யும் மழையில் ஓடை எப்படி நிற்கும்? நான் தலையை உயர்த்திக் கேட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது என்று படித்தவனான எனக்குத் தோன்றவில்லை. வீராயிக்கும் தெரியாது. ஆனால் அவருக்குக் கேட்டது.

பிறகு அது வந்தது. இடி மாதிரி என்பார்கள். இல்லை. பெரிய கல் உரலைக் கட்டாந்தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். தரைக்கு அடியிலிருந்து வந்தது. கால் வழியாக ஏறியது. பழுப்பாக ஏதோ ஒன்று, தண்ணீரும் இல்லை, மண்ணும் இல்லை, மரங்கள் நின்றவாக்கிலேயே அதன்மேல் வந்தன. நான் எண்ணினேன். ஆறு வீடு இருந்தது. அப்புறம் நாலு. அப்புறம் ஒரு கதவு நிலை மட்டும் நின்றது, கொடியில் காயப்போட்ட ஒரு பச்சைச் சேலையோடு. அப்புறம் அதுவும் இல்லை. நீங்கள் ஒரு வடையைத் தின்று முடிக்கிற நேரம்.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். வீராயி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டு. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தெட்டு. மூன்றாவது முறை என் தலையையும் தொட்டு எண்ணிவிட்டார். முப்பத்தொன்பது வந்ததும் குழம்பிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் நகைச்சுவைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். பல்லைப் பிடுங்கும்போதுகூட டாக்டரிடம் ஒன்று அடித்துவிடுவேன். அன்றைக்கு எதுவும் வரவில்லை.

கருப்பையா அண்ணன் மட்டும் தூணில் சாய்ந்து அழுதார். “நாந்தான் சார். நான் தண்ணி எடுக்காம இருந்திருந்தா...”

“அண்ணே, நீங்க எடுத்தது கொழம்புக்குச் சில செம்பு தண்ணி. அதுக்கு மேல ஒரு மலையைக் கட்டினது நான். நீங்க என்ன சமைச்சோம்னு மறந்திருந்தா இன்னைக்கு யாரும் இல்ல.”

அடுத்த மாதம் அந்த மழைமானிக்குப் பூட்டுப் போடச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொன்னார். போடவில்லை. நம் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கடையிலேயே ஒரு பித்தளை அண்டா வாங்கி, குரங்கு கை விடாதபடி வலை மூடி அடித்து, மானிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். “இது ஒங்களுக்கு, அது எனக்கு” என்றேன் கருப்பையா அண்ணனிடம். இன்றைக்கும் அங்கே எண்ணைக் கேட்டபிறகு, ராத்திரி தூங்கினீர்களா, ஓட்டில் சத்தம் எப்படி, ஓடை என்ன நிறத்தில் போகிறது என்று கேட்கிறோமே, அது ஏன் என்று உங்களில் சிலர் முணுமுணுத்தது என் காதில் விழுந்திருக்கிறது. இதனால்தான்.

சரிவுக்கு அப்புறம் மலையிலிருந்து நான் கிளம்பும்போது ஆச்சி அடுப்படி வாசலில் இருந்த தாளை உரித்து என்னிடம் நீட்டினார். கருப்பையா அண்ணனின் மஞ்சள் கை பட்ட கறை அதில் இருந்தது. நான் கிழிக்கப் போனேன்.

“கிழிக்காதீக. தெனமும் பாக்குற எடத்துல மாட்டுங்க.”

மாட்டினேன். அதைத்தான் நீங்கள் கும்பிட்டீர்கள்.

அந்தத் தோட்டத்தில் கீழ் லைனை அப்புறம் கட்டவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் நான் போவேன், படங்களோடு, அம்புக்குறிகளோடு. வீராயி அதையெல்லாம் பார்ப்பதே இல்லை. மழை வருமா என்றுகூட என்னிடம் கேட்பதில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே, போகிற போக்கில் ஒன்று மட்டும் கேட்பார்.

“மழைக்காரரே, இன்னைக்கி எங்குட்டுப் படுக்கப் போறீக?”

நான் கையை நீட்டிக் காட்டுவேன். அவர் ஆட்கள் பாயை அங்கே விரிப்பார்கள். அடுத்த கார்த்திகைக்கு அங்கே போகப்போவது உங்களில் ஒருவர். கேள்வி அதேதான் வரும்.